கோப்பைக்குள் மினுங்கிய தேன்சிட்டு

சான் எலோயில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அது முதலில் என் மாவு மில்லுக்குத்தான் வரும். விடிந்ததும் விடியாததுமாகப் பெண்கள் சுண்ணாம்பு போட்டு அவித்த சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருப்பதால் எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. என் புருஷன் உயிரோடு இருந்தபோது, "கசில்தா, உன் மில்லுல சோளத்த விட மனுஷங்கதான் அதிகமா அரைபடுறாங்க" என்பார். அவரையும் சேர்த்துத்தான் அரைத்தேன்.

அந்த ஜூலையில் அரைபட்டது ஒதீலியாவின் வீடு.

ஊரில் எல்லோரையும் போல அவர்களும் மண்பாண்டக்காரர்கள்தான். நாபோர் அச்சில் மண்ணை அழுத்தி எடுப்பான், சூளை வைப்பான். ஒதீலியா தீட்டுவாள். தீட்டுகிறவர்கள் ஊரில் நூறு பேர் உண்டு, ஆனால் அவள் கை வேறு. எல்லாமே புள்ளிதான். நாய் வால் முடியில் கட்டிய தூரிகையால் வெள்ளைப் புள்ளியாக வைத்துக்கொண்டே போவாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது மீனாகும், பூசணிப் பூவாகும், ஏரியில் இறங்குகிற வாத்தாகும். அந்தத் தூரிகைக்காக எங்கள் ஊர் நாய்களுக்கு வாலில் ஒரு பக்கம் எப்போதும் மொட்டையாகத்தான் இருக்கும். வெளியூர் ஆட்கள் சொறி என்று நினைப்பார்கள்.

அவள் மகள் சாயோவுக்கு நான்தான் ஞானத்தாய். கோயிலில் தீர்த்தம் ஊற்றும்போது பிள்ளையைக் கையில் ஏந்தியவள். அன்றிலிருந்து பெற்றவர்களும் நானும் ஒருவரையொருவர் பெண்ணானால் 'கொமாத்ரே', ஆணானால் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட வேண்டும். 'நீங்க' என்றுதான் பேச வேண்டும். ஒதீலியாவைப் பிறந்ததிலிருந்து வாடி போடி என்றவள் நான். ஒரே நாளில் அது போய்விட்டது. கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு போடக் கூடாது. போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

சாயோவுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கென்று ஒதீலியா ஒரு கோப்பை செய்து கொடுத்திருந்தாள். வெளியே ஒன்றும் இருக்காது, வெறும் புள்ளி வரிசை. உள்ளே அடியில் ஒரு தேன்சிட்டு. பாலோ கஞ்சியோ முழுக்கக் குடித்தால்தான் சிட்டு தெரியும். சாப்பிடப் படுத்துகிற பிள்ளைக்கு அம்மா கண்டுபிடித்த தந்திரம். ஆனால் அந்த வருஷம் பிள்ளை பாதிக் கோப்பையிலேயே வைத்துவிடும். முகம் வெளுத்துப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். தொட்டதற்கெல்லாம் கோபம். அம்மா தீட்டுகிற பறவை ஒவ்வொன்றின் பெயரையும் கடகடவென்று சொல்லும் பிள்ளை, தட்டில் இருந்த கொக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து முழித்தது.

வயிற்றுக்கட்டு என்று நாங்கள் நினைத்தோம். எது குடலில் ஒட்டிக்கொண்டாலும் எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான், அதில் நான் கைராசிக்காரி. குப்புறப் படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, முதுகுத் தோலை இடுப்புப் பக்கம் சொடக்கு விழும் வரை இழுத்து விடுவேன். பிறகு ஒரு கரண்டி எண்ணெயில் ஒரு சிட்டிகை வயித்துப் பொடி. நல்ல ஆரஞ்சு நிறம். ஞாயிற்றுச் சந்தையில் மூலிகைக்காரி மடித்துக் கொடுப்பாள். என் அம்மா எனக்குக் கொடுத்தது, என் அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது.

மழைக்கு நடுவே ஒருநாள் சுகாதார வண்டி வந்தது. யாதிரா என்று ஒரு நர்ஸ் பெண், முழங்கால் வரை சேற்றோடு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். கையில் ஒரு சின்ன மிஷின். மூன்று நிமிஷத்தில் எண் காட்டும். ஒதீலியா வீட்டு முற்றத்தில் நானும் நின்றேன்.

"அஞ்சுக்கு மேல இருக்கக் கூடாது. இவளுக்கு முப்பத்தெட்டு இருக்கு" என்றாள் யாதிரா.

"என்னது முப்பத்தெட்டு?" என்றான் நாபோர்.

"காரீயம். நீங்க மண்பாண்டத்துக்குப் பூசுற மெருகுப்பொடி பூரா அதுதான். அது காத்துல கலக்குது, தரையில படியுது, பிள்ள கையில ஒட்டி வாய்க்குள்ள போவுது. மூளையத்தான் தின்னும், சார்."

"எங்க தாத்தா எம்பத்தாறு வயசு வரைக்கும் இதே பொடியக் கையால கரைச்சாரு. அவருக்கு என்ன ஆச்சு?"

நான் விடுவேனா? "கடைசி இருபது வருஷம் கை நடுங்குச்சு. பெத்த மகனையே யாருடா நீன்னு கேட்டாரு. அதையும் சொல்லுங்க, கொம்பாத்ரே."

ஒதீலியா அழவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரேகைகளில் வெளிர் மஞ்சளாகப் பொடி படிந்திருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாது.

"இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

"முதல்ல பிள்ளைய இந்த வீட்டுலருந்து வெளிய எடுங்க. தரைய மாத்தணும், மெருகையும் மாத்தணும். காரீயம் இல்லாத மெருகு இருக்கு, நான் வாங்கித் தரேன். ஏழு வாரம் கழிச்சு வருவேன். எண் குறையலன்னா பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். அப்புறம் அவள மண்பாண்ட வீட்டுல வளக்கவே விட மாட்டாங்கக்கா. உள்ளதச் சொல்லிட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "வயித்து வலிக்கு நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டாள்.

இந்த நர்ஸ் பெண்களை எனக்குத் தெரியும். மருந்து என்றால் என்ன மருந்து, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தீர்கள் என்று ஊர் முன்னால் கேள்வி கேட்பார்கள். "எண்ணெ தேய்ச்சு விட்டேன். அவ்வளவுதான்" என்றேன். அவளும் எழுதிக்கொண்டாள்.

பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். "என் வீட்டுல ஒரு துளி மெருகுப்பொடி கெடையாது. சோளமும் சுண்ணாம்பும்தான். அனுப்பி வைங்க, கொமாத்ரே. எண்ணக் கீழ எறக்கிக் காட்டுறேன்." சொல்லும்போதே பெருமையாக இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. அந்த ஏழு வாரம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள் என்று இப்போதும் சொல்வேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும்.

யாதிரா சொன்னபடி எல்லாம் செய்தேன். தேன்சிட்டுக் கோப்பையை ஒதீலியாவே கல்லில் போட்டு உடைத்தாள். பிள்ளை அன்று முழுக்க வீறிட்டது. நான் தகரக் கோப்பையில் கஞ்சி கொடுத்தேன். அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று தள்ளிவிட்டது. தூசு வரக் கூடாது என்பதற்காக வாசலுக்கு ஐந்தடி முன்னால் மில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். ஒதீலியா தினமும் குளித்து உடுத்து மத்தியானத்தில் வருவாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். சாயோ இந்தப் பக்கம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"சாப்பிட்டியா, தங்கம்?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"ஞானம்மா பூசணிப்பூ சூப்பு வச்சாங்க. அம்மா, ஏன் அங்கயே நிக்கிற?"

"எங்கிட்ட அழுக்கு இருக்குடா."

மழை இரண்டு நாளைக்கு ஒரு தடவை கோட்டை அழித்துவிடும். நான் உடனே சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு போய்த் திரும்பப் போடுவேன். ஒருநாள் ஒதீலியாவின் செருப்பு நுனி கோட்டில் பட்டது. "கொமாத்ரே, காலு" என்றேன். சட்டென்று பின்னால் போனாள்.

அந்த வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மண் தரையை ஒரு முழம் வெட்டி எடுத்துப் புது மண் போட்டார்கள். பழைய மெருகுத் தொட்டியைப் புதைத்தார்கள். புது மெருகு தயிர் மாதிரி கெட்டி. கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடியில் தங்கிவிடும். அதற்குச் சூடும் அதிகம் வேண்டும். மழைக்காலத்தில் ஈர விறகை வைத்துக்கொண்டு எங்கே போவது? நாபோர் விறகைச் சூளைச் சுவரோரம் அடுக்கிக் காய வைத்து, நாலு மணி நேரம் எரித்த இடத்தில் ஏழு மணி நேரம் எரித்தான். கண் இரண்டும் ரத்தக் கட்டியாக இருந்தது. முதல் சூளை திறந்தபோது தட்டெல்லாம் தேமல் விழுந்த தோல் மாதிரி இருந்தது. மொத்தமாக வாங்க வருகிறவன் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்து, "ஏம்மா, மீன் வரையச் சொன்னா கருவாடு வரஞ்சிருக்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். இரண்டாவது சூளையும் அப்படித்தான்.

ஒதீலியா தீட்டிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மத்தியானம் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றபோது எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல் அவளுடையது. அதை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"என்ன கோலம் இது, கொமாத்ரே!"

"நர்ஸு சொன்னாங்கல்ல, முடியிலதான் தூசி தங்கும்னு. எத்தன தடவ அலசுறது? போனாப் போவுது. உங்க கொம்பாத்ரே இந்த முடியில தூரிகை கட்டலாம்ங்கிறாரு. ஊரு நாய்ங்களுக்கு விடுதலையாம்." சிரித்தாள். சாயோ அவளைப் பார்த்து என் பின்னால் ஒளிந்துகொண்டது.

பிள்ளைக்கு வயிற்று வலி நிற்கவில்லை. கொஞ்ச நாள் சும்மா இருக்கும், திரும்ப வரும். வரும்போதெல்லாம் நான் எண்ணெய் தேய்த்தேன். சொடக்கு எடுத்தேன். ஒரு சிட்டிகைக்கு இரண்டு சிட்டிகையாகப் பொடி கொடுத்தேன். பிள்ளை அதற்கு மட்டும் படுத்தாது. "இனிப்பா இருக்கு" என்று கரண்டியை நக்கும்.

ஏழு வாரம் முடிந்து யாதிரா வந்தாள். என் வாசலிலேயே நாற்காலி போட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒதீலியாவும் நாபோரும். மிஷின் எண் காட்டியது. யாதிரா அதைத் தட்டிப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தித் திரும்ப எடுத்தாள்.

"அம்பத்தொண்ணு" என்றாள்.

யாருக்கும் பேச்சு வரவில்லை. எனக்குத்தான் வந்தது. எனக்கு எப்போது வராமல் இருந்திருக்கிறது?

"அடியே ஒதீலியா! என்னடி பண்ணுன? என் வீட்டுல என்ன இருக்கு? எல்லாம் உன் ஒடம்புலருந்து வந்த தூசி! பழைய மெருகத்தான் மறைச்சு வச்சுப் பூசுறீங்களா ரெண்டு பேரும்? பளபளன்னு வரலன்னு பொறுக்கலையா? பெத்த பிள்ளைய விட உனக்கு மீனும் வாத்தும் பெருசாப் போச்சாடி?"

நீ என்றேன். அடியே என்றேன். ஊர் பார்த்துக்கொண்டு நிற்க, ஞானத்தாய் வாயிலிருந்து அது வந்தது. ஒதீலியா கை இரண்டையும் விரித்து என் பக்கம் காட்டினாள். ரேகையில் மஞ்சள் இல்லை, தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகியிருந்தது.

"நான் எதையும் ஒளிக்கல, கொமாத்ரே" என்றாள். அவ்வளவுதான்.

"வர்ற வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரி வண்டி வரும்" என்று யாதிரா சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

திங்கட்கிழமை மத்தியானம் நாபோர் தனியாக வந்தான். ஒதீலியா படுத்த படுக்கையாக இருக்கிறாளாம். இளஞ்சோளம் அரைத்து இலையில் மடித்து அவித்த கொழுக்கட்டை நாலு கொண்டு வந்திருந்தான், பிள்ளைக்குப் பிடிக்கும் என்று. சாயோ அப்போது வலியில் சுருண்டு கிடந்தது. நான் காகித மடிப்பைப் பிரித்துப் பொடியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

கோட்டுக்கு அப்பாலிருந்து, "அது என்ன, கொமாத்ரே?" என்றான்.

"வயித்துப் பொடி. வேற என்ன?"

"கொஞ்சம் குடுங்க, பாப்போம்."

கோட்டுக்கு மேலாக நீட்டினேன். உள்ளங்கையில் கொட்டி மேலும் கீழும் ஆட்டினான். நாபோர் முப்பது வருஷம் பொடி நிறுத்தவன். தராசு இல்லாமல் கையாலேயே சொல்லுவான்.

"இத்துனூண்டு பொடி இம்புட்டுக் கனக்குதே."

"பானைக்காரருக்கு எதப் பாத்தாலும் எடைதான். மருந்துங்க அது. உங்க மெருகுப்பொடி மஞ்சள், இது ஆரஞ்சு. கண்ணு தெரியலையா?"

விரலால் தேய்த்துப் பார்த்தான். "இத நான் கொண்டு போறேன். திரும்பி வர்ற வரைக்கும் பிள்ளைக்கு இதக் குடுக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன், கொமாத்ரே" என்றான். மழையில் நனைந்தபடி போனான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாள் கொடுக்கவில்லை. பிள்ளை பொடி கேட்டு அழுதது.

வியாழக்கிழமை விடிகாலை மில்லில் கூட்டம். வரிசையில் முதலில் நின்ற இலாரியாவின் சோளம் மில்லில் ஓடிக்கொண்டிருந்தது. நாபோர் உள்ளே வந்தான். உடம்பெல்லாம் சூளைக் கரி. கையில் ஒரு புதுக் கோப்பை, இன்னும் இளஞ்சூடு. வெளியே புள்ளி வரிசை. புது மெருகுகூடப் பூசாத, சுட்ட செங்கல் நிறத்தில் கிடந்த கோப்பை. மில் விளிம்பில் வைத்தான். பேசச் சத்தம் தடுத்ததால் நானே மோட்டாரை நிறுத்தினேன்.

"உள்ள பாருங்க."

பார்த்தேன். அடியில் தேன்சிட்டு. கோப்பை முழுக்க மண்ணாக இருக்க, அந்தச் சிட்டு மட்டும் இப்போதுதான் தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி மினுங்கியது. எங்கள் ஊர்ப் பழைய மெருகுக்குத்தான் அந்த மினுக்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே தெரியும்.

"மெருகுப்பொடி ஒரு துளி போடல. உங்க பொடியில ஒரு சிட்டிகைய எடுத்துத் தண்ணில கொழச்சு, சிட்டு மேல மட்டும் வச்சேன். சூளைக்குள்ள போட்டேன். வேற ஒண்ணும் செய்யல, கொமாத்ரே."

வெளியே கூரைத் தண்ணீர் சொட்டுவது கேட்டது. இலாரியாவின் கை மெதுவாகத் தன் ரவிக்கைப் பக்கம் போனது. அவளிடமும் ஒரு மடிப்பு உண்டு, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சந்தையில் வாங்கினோம். அவள் பேரனுக்கும் வயிற்று வலி.

"எடுத்து எறி, இலாரியா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "எல்லாரும் கேளுங்க. அந்தப் பொடி விஷம். நான்தான் குடுத்தேன். நர்ஸு பொண்ணு கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். ஏழு வாரமா நான்தான் குடுத்தேன்."

எத்தனை பேரை அந்த இடத்தில் நிற்க வைத்து அரைத்திருக்கிறேன். ஒருத்தியாவது என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மில்லின் பின்பக்கமாக வீட்டுக்கு ஓடினேன். ஒதீலியா அதற்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். கோட்டைத் தாண்டி, என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சாயோ அவள் மடியில். முதலில் ஒளிந்த பிள்ளை இப்போது அம்மாவின் குட்டை முடியைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஏழு வாரத்துக்குப் பிறகு தொடுகிற கை, பிள்ளையை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் முதுகிலும் காலிலும் அலைந்தது. பக்கத்தில் பிள்ளையின் துணி மூட்டை தயாராக இருந்தது.

என்னைக் கண்டதும் சாயோ கையை நீட்டியது.

"ஞானம்மா, இனிப்புப் பொடி?"

ஒதீலியா நிமிர்ந்து பார்த்தாள். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். தூற்றட்டும் என்றுதான் இருந்தது. ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"கிட்ட வராதீங்க, கொமாத்ரே" என்றாள். குரல் உயரவில்லை, மரியாதை குறையவில்லை. "கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

கோடு முந்தின நாள் மழையில் முக்கால்வாசி அழிந்திருந்தது. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். போய் நின்றேன்.